மாதுளைத் தோலும் டானியாவின் உச்சந்தலையும்

எனக்கு வாசனை கனவில் மட்டும்தான் வரும். ஒரு காய்ச்சல் வந்து போனபோது மூக்கையும் கூடவே எடுத்துக்கொண்டு போய்விட்டது. காபி வெறும் வெந்நீராயிற்று, மழை வெறும் ஈரமாயிற்று. "புனேயில மூக்கு இல்லாம இருக்கிறது வரம்ப்பா" என்று சிரிப்பவர்களைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவர்கள் வீட்டில் கைக்குழந்தை இருக்காது.

எங்கள் டானியா பிறந்தது அதற்குப் பிறகு. அவள் உச்சந்தலையை முகர்ந்துவிட்டு என் மனைவி தீபா கண்ணை மூடிக்கொண்டு நிற்பாள். நானும் குனிந்து மூச்சை இழுப்பேன். மூக்கில் பூனைமுடி உரசும், அவ்வளவுதான். அந்த வாசனை கொஞ்ச நாள்தான் இருக்கும், பிள்ளை வளர வளரப் போய்விடும் என்று மாமியார் ஒருநாள் வாய்தவறிச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து தீபா என் முன்னால் குழந்தையை முகர்வதில்லை. அது எனக்கு இன்னும் வலித்தது. இப்போது டானியாவுக்குப் பல் முளைக்கத் தொடங்கிவிட்டது.

என் வேலையோ, பழங்களைக் கெடாமல் பார்த்துக்கொள்வது. ஒரு பழ ஆராய்ச்சிக்கூடத்தில் உதவியாளன். புனேயின் கேம்ப் பகுதி ஜூஸ் கடைகளில் கழித்துப்போடும் மாதுளைத் தோலைக் கொண்டுவந்து, நிழலில் உலர்த்தி, பொடித்து, ஊறவைத்து வடிகட்டுவோம். தேநீர் நிறத்தில் ஒரு சாறு இறங்கும். கொய்யாவை அதில் முக்கி எடுத்து ஃபேனுக்கு அடியில் உலரவிடுவோம். வெட்டிய ஆப்பிளைப் பழுப்பாக்குகிறதே காற்று, அதுதான் பறித்த பழத்தையும் மெல்ல மூப்படையச் செய்கிறது. மாதுளைத் தோலின் துவர்ப்புச் சத்து முன்னால் போய் அந்த அடியைத் தன்மேல் வாங்கிக்கொள்ளும். பூஞ்சையும் சுலபமாகக் காலூன்ற முடியாது. செடி தனக்காகச் செய்துவைத்த காவல் அது. நாங்கள் அதை வேறொரு பழத்துக்கு இரவல் கொடுக்கிறோம்.

அறையின் ஒரு பக்கம் சாறு பூசிய கொய்யா, மறு பக்கம் பூசாதது. இரண்டையும் ஊசியால் கீறி ஒரே பூஞ்சையை வைத்திருந்தோம். பூசாத பக்கத்தை யார் பார்ப்பது என்ற பேச்சே எழவில்லை. "அமல், ஆப்கோ தோ குச் பதா நஹீ சல்தா" என்று எங்கள் தலைவி ஆஷா மேடம் பெட்டிகளை என் பக்கம் தள்ளிவிட்டார். உங்களுக்குத்தான் ஒன்றும் தெரியாதே, என்று. மற்றவர்கள் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு ஓடுவார்கள். நான் அழுகலுக்கு ராஜாவாக உட்கார்ந்திருப்பேன்.

ஆனாலும் அந்த அறை எனக்குப் பிடிக்கும். மங்கிய வெளிச்சம், ஃபேனின் முனகல். பூசிய பழங்கள் நிறம் மாறாமல் அப்படியே இருக்கும், அவற்றுக்கு மட்டும் நாள் நகரவில்லை என்று தோன்றும். அவற்றைப் பார்த்தபடி அரைத்தூக்கத்தில் பைத்தியக்காரத்தனமாக நினைப்பேன்: என் மூக்கு திரும்புகிறவரை டானியாவின் உச்சியில் ஒரு சொட்டு பூசிவைத்தால் என்ன?

நேற்றுப் பிற்பகல் பூசாத பெட்டி ஒன்றைத் திறந்தேன். பழங்கள் குழைந்து நீர்விட்டு, கீறிய இடமெல்லாம் சாம்பல் பூத்திருந்தன. ஒன்றைத் தூக்கினேன், கையிலேயே உடைந்து சட்டையெல்லாம் வழிந்தது. துடைக்கக் குனிந்தபோது ஏதோ குமட்டியது. இனிப்பாக, புளிப்பாக, அசிங்கமாக ஒன்று. கனவு என்றுதான் நினைத்தேன். விழித்துவிடக் கூடாதே என்று அசையாமல் நின்றேன். ஆஷா மேடம் கதவைத் திறந்து எட்டிப்பார்த்து, மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினார். அப்போதும் அது போகவில்லை. மறுபடி முகர்ந்தேன். கடவுளே, என்ன நாற்றம்! இவ்வளவு சந்தோஷமாக யாரும் குமட்டியிருக்க மாட்டார்கள்.

சட்டை மாற்றவும் தோன்றவில்லை. விஷ்ராந்த்வாடி பஸ்ஸில் என் பக்கத்து இருக்கை காலியாகவே வந்தது. ஜன்னல் வழியே டீசல், வடை எண்ணெய், நனைந்த சாக்கு, யார் கடையிலோ ஊதுவத்தி என்று ஒவ்வொன்றாக வந்து தொட்டுவிட்டு மறைந்தன. சில எட்டின, சில எட்டாமல் போயின. வீடு போவதற்குள் எல்லாம் அணைந்துவிடுமோ என்று பயமாக இருந்தது. ஆளந்தி ரோடு நீண்டுகொண்டே போனது.

கதவைத் திறந்த தீபா பின்வாங்கினாள்.

"ஐயோ, சீ! என்னங்க இது நாத்தம்? பாப்பாகிட்ட வராதீங்க, மொதல்ல குளிச்சிட்டு வாங்க."

"ஆமா தீபா. ரொம்ப நாறுது."

உள்ளே திரும்பியவள் அப்படியே நின்றாள். அவள் இப்படித் திட்டும்போதெல்லாம் "எனக்கென்ன தெரியும்" என்றுதான் சொல்வேன். மெதுவாகத் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள்.

"என்ன சொன்னீங்க?"

"கொய்யா. அழுகின கொய்யா. உனக்கும் அடிக்குதுல்ல?"

அவள் உள்ளே ஓடினாள். தூங்கிக்கொண்டிருந்த டானியாவை அள்ளிக்கொண்டு வந்தாள். என் சட்டையைப் பார்க்கவில்லை, கையையும் பார்க்கவில்லை. குழந்தையின் உச்சந்தலையை என் மூக்கோடு சேர்த்து வைத்தாள். மூச்சை இழுத்தேன். முதலில் கொய்யாதான் வந்தது. இன்னும் ஆழமாக இழுத்தேன். அதற்கும் அடியில், இளஞ்சூடாக ஒன்று வந்தது. என் பிள்ளை. கண் நிறைந்து வழியத் தொடங்கியது.

"ஜல்தி, இன்னொரு வாட்டி இழுங்க" என்றாள் தீபா. "அழாதீங்க, மூக்கு அடைச்சுக்கும்."

அவளுக்கு அதற்குள் அடைத்திருந்தது.