இடி விழுந்தாலும் எழாதே

நாகஜோதியின் மடியில் யாரோ வீட்டுப் பழைய நகைப்பெட்டி. மூடியில் அப்பளத்தைவிட மெல்லிசான பச்சைக்கல் சில்லுகள். பசை இறுகும்வரை பத்து விரலாலும் அழுத்த வேண்டும். விட்டால் வழுக்கிக்கொண்டு போய்விடும்.

"மூக்கு அரிக்குது, மதினி."

பக்கத்திலிருந்த பொன்மணிக்கும் கை ஒழியவில்லை. முழங்கையால் சொறிந்துவிட்டாள்.

தாயில்பட்டிப் பட்டாசுக் கம்பெனியில் கை முழங்கைவரை வெந்த பிறகு, இனி வெடிமருந்தைத் தொடமாட்டேன் என்று மகள் ஓவியாவின் தலையிலடித்துச் சத்தியம் செய்திருந்தாள் நாகஜோதி. ஆனால் கால் இன்னும் கம்பெனியில்தான் இருந்தது. அங்கே இடி கேட்டால் போட்டது போட்டபடி வெளியே ஓட வேண்டும். இந்தக் கல் ஒட்டும் ஷெட்டிலும் இரண்டுமுறை ஓடி இரண்டு பெட்டியைக் கெடுத்தாள். மூன்றாவது கெட்டால் வேலை கிடையாது என்றிருந்தாள் முதலாளியம்மா பிரீத்திகா.

"கல்லு வெடிக்குமா?" என்றார் சூப்பர்வைசர் சீனிவாசகம். அவரும் முன்னாள் பட்டாசு போர்மேன்தான். "இடிச்சா இடிக்கட்டும். குண்டி நகரக்கூடாது."

காலையில் மேகம் கறுத்ததுமே, எழுந்து ஓடிவிடாமலிருக்க, அவளும் பொன்மணியும் முந்தானைகளைப் பெஞ்சுக் காலில் முடிந்துவைத்திருந்தார்கள்.

வெம்பக்கோட்டைப் பக்கம் ஓர் இடி இடித்தது.

பெஞ்சு தரதரவென்று பின்னால் வர, இருவரும் முற்றத்தில் நின்றார்கள். எதிரே உடை முள்மரத்தடியில், ஒற்றைச் செருப்போடு சீனிவாசகம் மூச்சு வாங்கினார்.

"அண்ணாச்சி, எப்ப வந்தீக?" என்றாள் பொன்மணி.

அந்த நேரம் பார்த்துக் கார் வந்தது. பிரீத்திகா நாகஜோதியின் கையிலிருந்த பெட்டியை வாங்கினாள். சில்லெல்லாம் ஒரு மூலையில் குவிந்திருந்தது.

"அண்ணாச்சிதாம்மா மொதல்ல ஓடுனாரு!" என்றாள் பொன்மணி.

"அவரு சூப்பர்வைசர். அவரை விடுங்க."

நாகஜோதி முந்தானையை அவிழ்க்க மறந்து நின்றாள். "என்னைய மறுபடி மருந்துக்கு அனுப்பிராதீக தாயி. சத்தியம் பண்ணிருக்கேன்."

பிரீத்திகா யோசித்தாள். "சரி, அனுப்பலை" என்றாள். சீனிவாசகத்தைக் கூப்பிட்டு ஏதோ சொல்லிவிட்டுக் காரேறினாள்.

"தங்கமான மனசு" என்று பெஞ்சைத் தூக்கினாள் நாகஜோதி.

புதுப் பெட்டியில் அவள் விரல் பதித்திருந்தபோது, ஷெட்டின் ஒரே கதவில் துளைபோடும் சத்தம் கேட்டது. வெளிப்பக்கம்.

"வெடிக் கம்பெனியிலகூட வெளிய தாழ்ப்பா கிடையாதே, அண்ணாச்சி!" என்றாள் பொன்மணி.

"வேலையப் பாருத்தா."

பத்து விரலும் கல்லின் மேலிருக்க, நாகஜோதியால் திரும்ப முடியவில்லை. கதவு சாத்தும் சத்தம். பெட்டி மூடியின் பச்சை கறுத்தது. வெளியே சீனிவாசகம் தாழ்ப்பாளைப் போட்டுப் பார்த்தார், எடுத்துப் பார்த்தார். மறுபடி போட்டார்.