மூடிய நூலகத்தின் மெயின் சுவிட்ச்

நூலகம் மூடியிருந்தாலும் வைஃபையை மட்டும் அணைக்கக் கூடாது என்று எங்கள் உதவியாளரிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். தொற்றுக் காலம், உள்ளே யாரையும் விட முடியாது. டேட்டா போட வழியில்லாதவர்கள் வாசல் படிக்கட்டில் தள்ளித் தள்ளி உட்கார்ந்து எங்கள் வைஃபையில்தான் பாடம் கேட்டார்கள், வேலைக்கு விண்ணப்பம் போட்டார்கள். மேலதிகாரி போனில் குதித்தார்.

"கூட்டம் சேர்க்கிறீங்களாமே?"

"கதவைத்தான் மூடச் சொன்னீங்க சார், படிக்கட்டை இல்லையே" என்றேன். எனக்கு வாய் கொஞ்சம் அதிகம்.

உதவியாளர் அண்ணனுக்கு நாங்கள் வைத்த பெயர் பூட்டுச்சாமி. ஜன்னல், மின்விசிறி, அலமாரி என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்து, கடைசியில் மெயின் சுவிட்சை இறக்கிவிட்டுத்தான் வாசலைப் பூட்டுவார். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அப்படித்தான். இப்போது அந்தக் கடைசி வேலையை மட்டும் செய்யாதீர்கள் என்று சொல்லி வைத்திருந்தேன்.

அன்று படிக்கட்டில் தையல்காரம்மா காத்திருந்தாள். அவள் புருஷன் லாரி டிரைவர், ஆஸ்பத்திரியில் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தான். தொண்டையில் குழாய் போடப் போகிறார்கள், போட்டுவிட்டால் பேச முடியாது, கண் விழிப்பானா என்பதும் உறுதியில்லை. அதற்கு முன்னால் வார்டு டேப்லெட்டில் ஒரு தடவை முகத்தைக் காட்டுகிறேன் என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். நான் தைரியம் சொல்லிவிட்டு, வெளியே வர முடியாத பெரியவர்களுக்குப் புத்தகம் கொடுக்க ஸ்கூட்டரில் கிளம்பினேன்.

பாதி வழியில் அவளிடமிருந்து போன்.

"அக்கா, நெட் போயிடுச்சுக்கா! இப்பதான் அவர் முகம் தெரிஞ்சுது, ஒரு வார்த்தை பேசல!"

"மத்தவங்களுக்கு வருதா?"

"யாருக்குமே இல்லக்கா. அண்ணன் பூட்டிட்டு இப்பதான் போனாரு."

பாழாய்ப்போன மனுஷன், கைப்பழக்கத்தில் மெயினை இறக்கிவிட்டார்! அவருக்குப் போன் அடித்தேன், எடுக்கவில்லை. இன்னொரு சாவி என் பையில் இருந்தது. வண்டியைத் திருப்பினேன்.

முக்கில் போலீஸ்காரர் தடுப்பைப் போட்டு மறித்தார்.

"எங்கம்மா இவ்வளவு வேகம்?"

"லைப்ரரிக்கு சார்."

"ஊரே அடங்கிக் கிடக்கு, உங்களுக்குப் புத்தகம் கேக்குதா?"

"ஒருத்தி புருஷன்கிட்ட கடைசியாப் பேசணும் சார். அதுக்கு வேண்டிய கரண்ட் என் லைப்ரரில அணைஞ்சு கிடக்கு. கேஸ் போடறதுன்னா நான் திரும்பி வந்ததும் போடுங்க!"

என்ன நினைத்தாரோ, தடுப்பை நகர்த்தினார்.

படிக்கட்டில் இருந்தவர்கள் எழுந்து நின்று எனக்கு வழி விட்டார்கள். அவசரத்தில் சாவி துவாரத்தில் இறங்கவே மாட்டேன் என்றது. திட்டிக்கொண்டே திறந்து, ஓடிப்போய் மெயினைத் தூக்கினேன். வைஃபை பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது. வா, சனியனே, வா என்று அதன் முன்னால் நின்றேன். பச்சை வந்ததும் "போடும்மா!" என்று கத்தினேன்.

நர்ஸ் எடுத்தாள். கவச உடைக்குள் கண் மட்டும் தெரிந்தது.

"குழாய் போட்டாச்சும்மா. டாக்டர் எவ்வளவோ பொறுத்துப் பார்த்தார், மூச்சு ரொம்ப இறங்கிடுச்சு."

"ஏதாவது சொன்னாராங்க?"

நர்ஸ் தயங்கினாள். "'அழுதுடுவோம்னு பயந்து அவளே கட் பண்ணிட்டா, பாவம், விடுங்க'ன்னு சொன்னாரும்மா."

"ஐயோ! நான் கட் பண்ணலைங்க!" அவள் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அலறினாள். "சாமி சத்தியமா நான் கட் பண்ணல!"

"காதுகிட்ட வைக்கிறேன், சொல்லுங்க. கேட்டாலும் கேக்கும்."

அவள் அதையேதான் திரும்பத் திரும்பச் சொன்னாள். பெற்ற பிள்ளைகளைப் பற்றிக்கூட ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அப்போது பூட்டுச்சாமி வாசலில் சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தார். வழியில்தான் நினைவு வந்திருக்கிறது. கிழித்துத் தோரணம் கட்டிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. தள்ளி நிற்க வேண்டும் என்பதையும் மறந்து அவள் பக்கத்தில் மண்டியிட்டு, போனுக்கு நேராகக் குனிந்தார்.

"தம்பி, நான் லைப்ரரில வேலை பாக்கறவன். மெயினை அணைச்சது நான்தாம்ப்பா. உன் பொண்டாட்டி கட் பண்ணல. கேக்குதா தம்பி? அவ கட் பண்ணல."

நர்ஸ் டேப்லெட்டை அவன் காதிலிருந்து எடுக்கவில்லை.