டேப்பில் இருந்த குரல்

கிளைவுக்கு உட்கார்ந்தால் நிற்கத் தோன்றியது, நின்றால் நடக்கத் தோன்றியது. பப்பின் பின்கூடத்தில் மேடை என்ற பெயரில் கிடந்த நாலு பலகையை அன்று பிற்பகல் முழுக்கச் சுற்றிச் சுற்றி வந்தான்.

"உக்காருடா கண்ணு, தரை தேஞ்சுரும்," என்றாள் பப்காரி டாட். சிப்ஸ் பொட்டலம் ஒன்றையும் அவன் கையில் திணித்தாள். "ரேடியோல பாடினவனுக்குப் பசி எடுக்காதோ?"

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. ஹல் ஊர்ப் பையன்கள் பாட்டு லண்டன் ரேடியோவில் இரண்டு தரம் வந்துவிட்டது. அதைக் கேட்ட ரெக்கார்டு கம்பெனிக்காரர் பியர்ஸ் அன்று சாயங்கால ரயிலில் வருகிறார். கிளைவின் கால் சந்தோஷத்தில்தான் தரையில் பாவவில்லை என்று அவள் நினைத்தாள். அது சந்தோஷமில்லை, பயம்.

'அம்ப்ரெல்லா வெதர்' என்பது மூன்று பேர் கொண்ட குழு. குடையை மறந்துவிட்டு பஸ் நிறுத்தத்தில் நனைந்தபோது வைத்த பெயர். பாட்டும் கிட்டாரும் கிளைவ். பேஸ் கிட்டார் லின்ட்ஸி. அவள் நாக்குக்கு ஊரே பயப்படும். ட்ரம்ஸ் ரோட்னி. பாட்டு ரேடியோவில் வந்த மறுநாளே கேரவன் தொழிற்சாலை வேலையை உதறிவிட்டு வந்த அப்பாவி.

ரேடியோவுக்குப் போன டேப்பைப் பதிவு செய்தது கிளைவ் வீட்டுப் பின்னறையில், இரவல் வாங்கிய கேசட் மெஷினில். பக்கத்து வீட்டுக்காரர் சுவரைக் குத்தாமல் இருக்க ட்ரம்ஸுக்குக் கம்பளி போர்த்தி வாசித்தார்கள். மற்ற இரண்டு பேரும் வீட்டுக்குப் போனபின் கிளைவ் தனியே உட்கார்ந்து போட்டுக் கேட்டான். பாட்டு சவ ஊர்வலத்துக்குப் பின்னால் மாட்டிக்கொண்ட பஸ் மாதிரி ஊர்ந்தது. அவன் குரலோ மழையில் நின்று கத்தும் மாட்டின் குரல். எரிச்சலாக வந்தது. மெஷினின் ஓரத்தில் வேகத்துக்கென்று ஒரு சின்னத் திருகு இருந்தது. அதைப் பிடித்து முழுக்கத் திருகினான்.

அவ்வளவுதான். பாட்டு விழித்துக்கொண்டது. கிட்டார் பளபளத்தது. குரல் மெலிந்து, மேலேறி, எதற்கோ அவசரப்படும் குரலாக மாறியது. தன் குரல்தானா என்று அவனுக்கே சந்தேகம் வந்தது. அப்படியே நகலெடுத்து லண்டன் ரேடியோவுக்குத் தபாலில் போட்டுவிட்டான். யாரிடமும் சொல்லவில்லை. டேப்ரெக்கார்டர் ஒவ்வொன்றும் ஒரு வேகத்தில் ஓடும் காலம். சுருதி ஏறி ஒலித்தால் மெஷினைத்தான் சந்தேகிப்பார்கள்.

வினை ஒத்திகையில் வந்தது. டேப்பில் பறந்த பாட்டு நேரில் நொண்டியது. லின்ட்ஸி ஒரே நாளில் தீர்ப்பு எழுதிவிட்டாள்.

"இவன்தான் இழுக்கறான். டேப்ல ஓடின கை இப்ப ஏன் ஓடல? வேலைய விட்டதும் சோம்பேறித்தனம் வந்துருச்சா?"

ரோட்னி வீட்டில் தலையணையை மடியில் வைத்து, ரேடியோவிலிருந்து பிடித்த பாட்டோடு சேர்த்து விடிய விடிய அடித்துப் பழகினான். வேகத்தைக் கூட்டினால் கிளைவின் பாட்டு மூச்சுத் திணறும். லின்ட்ஸி அதற்கும் அவனையே திட்டுவாள். கிளைவ் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு, தேள் கொட்டின திருடன் மாதிரி வாயை மூடிக்கொண்டிருந்தான். தன்மேல் அவனுக்கே அருவருப்பாக இருந்தது.

இன்றைக்கும் அதே கதை. மைக்கையெல்லாம் சரிபார்த்து ஒருமுறை வாசித்ததும் லின்ட்ஸி கிளைவைப் படிக்கட்டுப் பக்கம் இழுத்துப் போனாள்.

"கெவினை வரச் சொல்லியிருக்கேன்."

"எந்த கெவின்?"

"கல்யாண வீட்ல ட்ரம்ஸ் வாசிக்கறவன். பாட்டைக் கேட்டுட்டான், வாசிச்சுருவேன்கறான். ட்ரம்ஸ் பப்போடது, குச்சி எடுத்துட்டு வந்தா போதும்."

"ரோட்னி?"

"இன்னிக்கு ஒருநாள் உக்காரட்டும். இந்த ஆளு ஒருதரம்தான் வருவாரு கிளைவ். நான் மட்டும் ஆசையாவா சொல்றேன்?" அவள் குரல் உடைந்தது. "நீயே அவன்கிட்ட சொல்லிரு. நான் சொன்னா குத்தற மாதிரி இருக்கும்."

சொல்ல வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. திரும்பிப் பார்த்தால் ரோட்னி மேடையில் மண்டியிட்டு எதையோ கழற்றிக்கொண்டிருந்தான். ட்ரம்ஸ் எவனுடையதாக இருந்தாலும் ஸ்னேர் எனும் சின்ன ட்ரம்மையும், பெரிய ட்ரம்மைக் காலால் அடிக்கும் கால்மிதியையும் அவனவன் கொண்டுவருவதுதான் வழக்கம். அவன் தன் ஸ்னேரைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

"காதுல விழுந்துருச்சுடா," என்றான் நிமிராமல். "கால்மிதி இருக்கட்டும். கெவின் எடுத்துட்டு வரலைன்னா பாவம்."

அந்தக் கால்மிதிதான் கிளைவை உடைத்தது.

"அதை வைடா கீழ! நீ இழுக்கல. நீ ஒருநாளும் இழுக்கல. நான்தான் டேப்ப வேகமாக்கினேன்."

கூடத்தில் கண்ணாடிக் குவளை துடைக்கும் சத்தம்கூட நின்றது. கிளைவ் திருகு விஷயத்தைத் திக்கித் திக்கிச் சொல்லி முடித்தான். லின்ட்ஸி முகம் வெளுத்துச் சிவந்தது.

"அட நாசமாப் போறவனே. மூணு வாரமா இவனை நான் நாய் மாதிரி திட்டறேன், நீ பக்கத்துல நின்னு தலைய ஆட்டினியேடா!"

"ஆட்டினேன்."

"உங்க அம்மா தலகாணி கிழிஞ்சிருந்தா சரி," என்றான் ரோட்னி. "எங்க அம்மா தலகாணிடா கிழிஞ்சது." அதற்கு யாரும் சிரிக்கவில்லை. அவன் ஸ்னேரைக் கையில் வைத்துக்கொண்டு கதவைப் பார்த்தான். போய்விடுவான் என்றுதான் கிளைவ் நினைத்தான், போயிருந்தாலும் நியாயம்தான். ரோட்னி மறுபடி மண்டியிட்டு அதை மாட்டினான்.

"கெவின் வந்தா போகச் சொல்லு லின்ட்ஸி. டேப் என்ன வேகமோ அதுல நான் வாசிக்கறேன், தலகாணி பழக்கிவிட்டுருச்சு. கிளைவ், நீ அந்த ஒசரத்துல பாடுவியா?"

கிளைவ் கிட்டாரின் கழுத்தில் கவ்வியை மாட்டிச் சுருதியை ஏற்றினான்.

சாயங்காலம் கூடம் பாதிக்கு மேல் நிறைந்தது. நனைந்த கோட்டோடு ஓரமாக நின்றவர்தான் பியர்ஸ் என்று பளபளப்பான லண்டன் காலணியைப் பார்த்ததுமே தெரிந்தது. முதலில் அந்தப் பாட்டையே எடுத்தார்கள். ரோட்னி நாலு தட்டுத் தட்டி ஆரம்பித்தான். பாட்டு பிய்த்துக்கொண்டு பறந்தது. முதல் நாலு வரியை கிளைவ் எப்படியோ தாண்டினான். பல்லவி மேலே ஏறும் இடத்தில் அவன் குரல் கிழிந்தது. முன்வரிசையில் எவனோ மாடு மாதிரி கத்திக் காட்டினான்.

கிளைவ் வாயைத் திறந்தான், காற்றுதான் வந்தது. அப்போது பக்கத்து மைக்கிலிருந்து பல்லவி எழுந்தது. இத்தனை நாளும் பின்னால் நின்று 'ஊ' போட்ட லின்ட்ஸி, கண்ணை மூடிக்கொண்டு, மெலிந்த அவசரக் குரலில், ஒரு சிரமமுமில்லாமல் அந்த உயரத்தில் நின்று பாடினாள். கிளைவுக்கு மயிர்க்கூச்செறிந்தது. பின்னறையில் திருகைத் திருகியபோது கேட்ட குரல் அது. சரணத்தையும் அவளே எடுத்தாள். மாடு கத்தியவன் வாயை மூடினான்.

பாட்டு முடிந்த கைதட்டலில் பியர்ஸ் மேடையருகே வந்து லின்ட்ஸியை அண்ணாந்து பார்த்தார்.

"அப்ப டேப்ல பாடினது நீங்கதான்! பையன்னு சொன்னாங்க, எனக்கு அப்பவே சந்தேகம். அப்புறம் எதுக்கும்மா இந்தத் தம்பியை முன்னால விட்டு வேடிக்கை பாத்தீங்க?"

லின்ட்ஸி திடுக்கிட்டாள். "இல்லைங்க, டேப்ல வந்து..."

"அவதாங்க," என்றான் கிளைவ்.

"அதான பாத்தேன். அடுத்த பாட்டையும் அவங்களே பாடட்டும்." அவர் சுவரோரம் போய் நின்றுகொண்டார்.

லின்ட்ஸி பல்லைக் கடித்துக்கொண்டு கிசுகிசுத்தாள்: "மறுபடியும் பொய்யாடா?"

"இனிமே உண்மையாயிரும். போய்ப் பாடு."

சொல்லிவிட்டானே தவிர நெஞ்சு எரிந்தது. பதினாலு வயதிலிருந்து கண்ணாடி முன்னால் நின்று பாடிய கனவை ஒரே வார்த்தையில் தூக்கிக் கொடுத்தவனுக்கு எரியாமல் என்ன செய்யும்? நடு மைக்கின் கழுத்தைத் தளர்த்தி அவள் உயரத்துக்கு இறக்கி இறுக்கினான். பிறகு ஓரத்துக்குப் போய் ட்ரம்ஸ் பக்கம் நின்றான்.

ரோட்னி குச்சிகளைத் தூக்கிப் பிடித்து அவனைப் பார்த்தான்.

"வேகம் எவ்வளவு வைக்கட்டும்?"

"நீ வைக்கறதுதான்டா வேகம்," என்றான் கிளைவ்.