பராக்கு பார்த்த வெல்வெட்

"ஏய் பராக்கு! கண்ணு புத்தகத்துல இருக்கணும்."

தையல்காரர் தலை நிமிராமலே மகளை அதட்டினார். நிமிர நேரமில்லை. அன்று சாயங்காலம் அவர் மனைவி முதல்முறையாக மேடையில் தனியாக வயலின் வாசிக்கப் போகிறாள். அதற்கான வெல்வெட் சட்டையில் இடது கை மட்டும் பாக்கி.

வெட்டு மேஜைக்கு அடியில் மல்லாந்து கிடந்த பராக்கு, கணக்குப் புத்தகத்தை வயிற்றில் கவிழ்த்து வைத்திருந்தாள்.

"அப்பா, ஃபேன் நிழல் பல்லி மேலயே ஓடுது. பல்லி பயப்படவே இல்ல."

"கணக்கு!"

"அப்பா, அந்தக் கை மட்டும் ஏன் கறுப்பா இருக்கு?"

"வெளிச்சம் அப்படி. வாய மூடிட்டு கணக்கப் போடு."

பராக்கு வாயை மூடிக்கொண்டாள். கண்ணை யார் மூடுவது?

மனைவி வந்து சட்டையைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றாள்.

"என்னங்க, ஒரு கை புதுசு, ஒரு கை பழசா?"

வலது கை திராட்சை நிறத்தில் மின்னியது. இடது கை கறுத்துக் கிடந்தது. தையல்காரர் இடது கையைத் தடவிப் பார்த்தார். வெல்வெட்டின் ரோமம் எல்லாத் துண்டிலும் ஒரே பக்கம் படிய வேண்டும்; திசை மாறினால் நிறமும் மாறித் தெரியும். அளவிலேயே கண்ணாக இருந்தவர், இடது கையைத் தலைகீழாக வெட்டித் தொலைத்திருந்தார்.

"போச்சு! துணி வேற மிச்சமில்ல."

"விடுங்க, பழைய சட்டையே போட்டுக்கறேன்." மனைவி இறங்கிய குரலில் சொல்லிவிட்டு வயலின் பெட்டியைக் கையில் எடுத்தாள்.

மேஜைக்கு அடியிலிருந்து சத்தம் வந்தது. "பெரிய துண்டு இருக்கே."

"எங்கடி?"

"சொன்னா திட்டுவ."

"திட்ட மாட்டேன்டி தங்கம்!"

"நீதான் அது மேல உக்காந்திருக்க. காலைல ஸ்டூல் குத்துதுன்னு மடிச்சுப் போட்டுக்கிட்டியே."

தையல்காரர் துள்ளி எழுந்தார். மனைவி சிரித்த சிரிப்பில் வயலின் பெட்டி கையிலிருந்து நழுவப் பார்த்தது.

துண்டுக்குக் கொதிநீர் ஆவி காட்டியதும் நசுங்கிய ரோமம் நிமிர்ந்தது. கத்தரிக்கோலைத் தொடும் முன் மகளைத் தூக்கி மேஜைமேல் உட்கார வைத்தார்.

"எந்தப் பக்கம் தடவினா வழவழன்னு இருக்கு? நீயே சொல்லு."

நிகழ்ச்சி முடிந்து வெளியே வந்த மனைவி ஆவலாகக் கேட்டாள். "எப்படி இருந்துச்சு?"

"ரெண்டு கையும் ஒரே நிறம்! ஒரு சுருக்கம் விழல!"

"நான் வாசிச்சதப் பத்திக் கேட்டேங்க."

அவர் கண் மறுபடி சட்டைக் கையின் தையலுக்கே போனது. பராக்கு அம்மாவின் விரலைப் பிடித்துக்கொண்டாள்.

"நடுவுல ஒரு இடத்துல நீ கண்ண மூடிட்டு சிரிச்சம்மா. அப்ப முன்வரிசை மாமா கொட்டாவிய பாதியிலயே நிறுத்திட்டாரு."