ஆண்டுக்குக் கீழே

...நட்சத்திரமாக இருந்தால் ஹைதராபாத், வைரக்கட்டம் என்றால் மும்பை, புள்ளி என்றால் நொய்டா, ஆண்டுக்குக் கீழே ஒன்றுமே இல்லையென்றால் கொல்கத்தா, இதைத்தான் காசு சேர்ப்பவர்களின் வாட்ஸ்அப் குழுவில் எல்லாருக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறேன், காசை நேராக வைத்துப் படம் எடுங்கள், எந்த நாணயச்சாலையில் அடித்தது என்று நான் சொல்கிறேன்... ஆனால் இந்தக் காசை யாரும் நேராக வைக்கவில்லை, செல்வியின் நெற்றியில் சந்தனத்தைக் குழைத்து ஒட்டியிருக்கிறார்கள், கொஞ்சம் சாய்ந்திருக்கிறது. முத்தையாபுரத்தில் பஸ் ஏறும்போதுதான் அவள் தம்பி பாண்டியராஜ் சாவு வீட்டுப் படங்களை அனுப்பினான். எட்டு மாதம் கழித்து நானே கேட்டு வாங்கியவை, அவள் முகத்தைப் பார்க்க வேண்டும்போல் இருக்கிறது என்றேன், அவன் குரல் உடைந்துவிட்டது. "நீங்க கேக்கவே மாட்டியன்னு நெனச்சேன் அத்தான்." அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம்.

என் காசு ஆல்பத்தில் ஓர் உறை காலி. அந்த ஒரு ரூபாய்க்காக மதுரைக்கு இரண்டு முறை போயிருக்கிறேன், நட்சத்திரத்தின் ஒரு முனை மழுங்கியிருக்கும், ஆயிரம் காசுக்கு நடுவில் போட்டாலும் எடுத்துவிடுவேன். அன்று காலை அத்தை, செல்வியின் அம்மா, "நெத்திக்கு ஒரு ரூவா காசு வேணும், யாராச்சும் எடுங்களா" என்று அழுகைக்கு நடுவே கேட்டது காதில் விழுந்தது, ஆல்பம் மேஜைமேல் திறந்து கிடந்தது, எந்தக் கை எடுத்தது... யாரிடம் கேட்பது, என்னவென்று கேட்பது? நான் அழவில்லை. பக்கத்து வீட்டுத் தளவாய் அண்ணாச்சி தோளைப் பிடித்து உலுக்கினார், "ஏலே, அழுதுருடே, உள்ள வச்சுக்கிடாத." வைத்த கண் வாங்காமல் பெண்டாட்டி முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான் என்று தெருவில் இன்றைக்கும் சொல்கிறார்கள். நான் பார்த்தது அந்தக் காசை. நம்முடையதா, இல்லையா. அவ்வளவுதான் அன்று மனதில் இருந்தது, வேறு ஏதாவது இருந்ததா? இருந்திருக்க வேண்டும்...

உப்பளத்து வெயில் திரையில் அடிக்கிறது, கையால் மறைத்துக்கொள்கிறேன். செல்வி ஒருநாள் நான் காசு பார்க்கும் லென்ஸைப் பிடுங்கிக்கொண்டாள். "காசுல ஒரு கீறல் விழுந்தா கண்டுபிடிச்சிருதிய. என் மூஞ்சிய ஒரு நாளாச்சும் இப்படிப் பாத்திருக்கியளா?" உன் மூஞ்சியில் என்ன முத்திரையா குத்தியிருக்கு என்றேன். "பாத்தாத்தான தெரியும்" என்று சிரித்துக்கொண்டே லென்ஸை என் மடியில் போட்டுவிட்டுப் போனாள், நான் அதை எடுத்துத் துடைத்தேன், மறுபடி காசைப் பார்த்தேன்.

பெரிதாக்குகிறேன். ஆண்டு. அதற்குக் கீழே நட்சத்திரம், ஒரு முனை மழுங்கல். நம்முடையதேதான். ஒன்றும் தோன்றவில்லை, வருத்தம்கூட இல்லை, எட்டு மாதம் இதற்கா... வேகத்தடையில் பஸ் தூக்கிப்போட்டது, விரல் வழுக்கியது, காசு திரையை விட்டுப் போய் இடது புருவம் வந்து நின்றது. புருவ முடிவில் ஒரு சின்னக் குழி. அம்மைத் தழும்பு. எப்போதிலிருந்து? மூன்று வருடம் ஒரே வீட்டில். கல்யாணப் படத்தைத் தேடினேன், பூச்சு அப்பியிருக்கிறது, திருச்செந்தூர் படத்தில் காற்றில் முடி விழுந்து மறைக்கிறது, மற்றபடி போனில் இருப்பதெல்லாம் காசு, காசு...

பாண்டியராஜ் அழைக்கிறான். "அத்தான், பாத்தியளா? அக்கா மொகம் தெளிவா இருக்கா?" இருக்கு என்றேன். அக்காவுக்கு எந்த வயதில் அம்மை போட்டது என்ற கேள்வி வாய்வரை வந்தது. கேட்டால் அவனுக்குத் தெரிந்துவிடும். பஸ்ஸில் சத்தம் என்று வைத்துவிட்டேன். இன்னும் பெரிதாக்கினேன், படம் கட்டம் கட்டமாக உடைந்தது, தழும்புக்குப் பக்கத்தில் இன்னொன்று இருப்பதுபோல, சின்னதாக, மச்சமா... சந்தனத் துணுக்காகவும் இருக்கலாம்.