ரூஃபஸ் சுத்தம் செய்த இடுகாடு

குடும்ப வரலாறு எழுத உட்காருகிறவர்களுக்கு எல்லோரும் சொல்லும் முதல் புத்தி, உயிரோடு இருப்பவர்களில் மூத்தவரைப் போய்க் கேள் என்பதுதான். நானும் கேட்டேன். அதற்குள் என் தம்பி ரூஃபஸ் முந்திக்கொண்டான்.

ஆர்டிலியா பெரியம்மா என் அம்மாவின் அக்கா. சின்ன வயதிலேயே அலபாமாவை விட்டு டெட்ராய்ட்டுக்குப் போனவர். சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட பிறகு, டயாலிசிஸும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று, சாவதற்காக என் வீட்டுக்கு வந்திருந்தார். சில வாரங்கள்தான் என்றார் டாக்டர். எங்கள் வம்சத்தில் யாருக்கு யார் பிறந்தார்கள் என்று சொல்ல அவரை விட்டால் ஆளில்லை. போனில் ரெக்கார்டரைப் போட்டுவிட்டுக் கட்டிலருகே உட்கார்ந்தேன். உங்கள் பிள்ளைகளை வரிசையாகச் சொல்லுங்கள் என்று சுலபமான கேள்வியில்தான் ஆரம்பித்தேன்.

“மூத்தவ ரோசெட்டா,” என்றார்.

எங்களுக்குத் தெரிந்து மூத்தவன் கால்வின். ரோசெட்டா என்ற பெயரை யாரும் சொல்லிக் கேட்டதில்லை. எட்டு மாதம் இருந்தாளாம். காய்ச்சலில் போய்விட்டாளாம். சர்ச்சுக்குப் பின்னால் இருக்கும் பழைய கறுப்பர் இடுகாட்டில் அவளைப் புதைத்துவிட்டு, துக்கம் தாங்காமல்தான் ஊரைவிட்டே கிளம்பினார்களாம்.

“கல்லு வைக்க எங்ககிட்ட ஏது காசு? அங்க யாருக்குமே கல்லு கிடையாது. தலைமாட்டுல ஒரு யூக்கா செடி நட்டுருவோம். அது லேசுல சாகாது. அவளுக்கு நானேதான் நட்டேன். ஓரமா, தனியா இருக்கும், பார்த்தா எனக்குத் தெரியும். என்னைய அவ பக்கத்துல போட்டுருங்கடி, வெர்னிஸ். வேற ஒண்ணும் கேக்கல.”

அன்று காலையில்தான் ரூஃபஸ் வந்து, பெரியம்மாவுக்குக் காட்டுவதற்காக இடுகாட்டைச் சுத்தம் செய்து முடித்துவிட்டேன் என்று பீற்றிக்கொண்டு போயிருந்தான். சர்ச்சில் அவன் டீக்கன், சபை வேலைகளையெல்லாம் இழுத்துப் போட்டுச் செய்கிறவன். எடுத்த வேலையை அரைகுறையாக விடமாட்டான். அவனிடம் எனக்குப் பிடிக்காத குணமே அதுதான்.

காரை எடுத்துக்கொண்டு இடுகாட்டுக்கு ஓடினேன். இடம் மொட்டையடித்த தலை மாதிரி இருந்தது. கத்தாழை போலக் குத்துகிறதே என்று யூக்கா அத்தனையையும் டிராக்டர் கட்டி வேரோடு பிடுங்கி, குவித்துக் கொளுத்தி, குழிகளை மூடி மண்ணைச் சமன் செய்து, மேலே புல்விதை வேறு தூவியிருந்தான்.

ரூஃபஸ் வீட்டுக்கே போய் விஷயத்தைச் சொன்னேன். தலையில் கைவைத்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

“களைன்னுதானேக்கா நெனச்சேன்.”

“களையா? நம்ம ஜனம் மொத்தத்தோட பேரையும் அழிச்சுட்டு வந்து களைங்கிற.”

இதைவிட மோசமாகவும் திட்டினேன். அதற்கு இன்றுவரை நான் வருத்தப்படவில்லை.

பிறகு என்னதான் செய்யவில்லை நாங்கள். புதைத்த இடத்தில் மண் இளக்கமாக இருக்குமே என்று இரும்புக் கம்பியால் குத்திப் பார்த்தோம். டிராக்டர் புரட்டிய மண்ணில் கம்பி எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இறங்கியது. கோர்ட்டின் பழைய பதிவேடுகளில் ரோசெட்டாவின் இறப்புச் சான்றிதழ் கிடைத்தது. புதைத்த இடம் என்ற பகுதியில் எங்கள் மாவட்டத்தின் பெயர் மட்டும் இருந்தது. ஊரைவிட்டுப் போன சொந்தங்களுக்கெல்லாம் போன் போட்டு, இடுகாட்டில் எடுத்த போட்டோ ஏதாவது இருக்கிறதா என்று கெஞ்சினேன். இடுகாட்டைப் போய் யார் போட்டோ எடுப்பார்கள் என்று சிரித்தார்கள். ரூஃபஸ் வேலை முடிந்த கையோடு அங்கே போய் மண்டியிட்டு, ஒரு வேர்த்துண்டாவது மிஞ்சியிருக்காதா என்று கறுப்பு மண்ணை விரலால் துழாவிக்கொண்டிருந்தான். மழையிலும் எழுந்து வரவில்லை. திட்டுவதை நிறுத்திவிட்டேன். எனக்கு அவனை நினைத்தே பயமாகிவிட்டது.

பெரியம்மாவுக்குக் கால் வீங்கிக்கொண்டே வந்தது. கூட்டிப் போய்க் காட்டு, காட்டு என்று தினமும் நச்சரித்தார். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறப்பேன். மாத்திரை போட்டீர்களா என்று கேட்டுவிட்டு மூடிக்கொள்வேன். கடைசியில் அவர் சாப்பிடவே மாட்டேன் என்று அடம்பிடித்தபோது வேறு வழியில்லாமல் போய்விட்டது.

சக்கர நாற்காலி சேற்றில் இறங்கிவிட்டதால் ரூஃபஸ் அவரைக் கையில் தூக்கிக்கொண்டான். பெரியம்மா சுற்றிலும் பார்த்தார்.

“சுத்தமா வச்சிருக்கீங்க,” என்றார். பிறகு ரூஃபஸிடம், “எம்பிள்ளை எங்கடா?” என்று கேட்டார்.

ரூஃபஸ் அவரைச் சுமந்தபடி ஓரத்துக்கு நடந்து போய், ஓரிடத்தில் நின்றான்.

“இங்கதான் பெரியம்மா.”

அவனுக்குத் தெரியாது என்று எனக்குத் தெரியும். பெரியம்மா தரையைப் பார்க்கவே இல்லை. அவன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“பிடுங்கிட்டியா?”

ஆமாம் என்று தலையாட்டினான். அவன் அழுத அழுகையில் அவன் கையிலிருந்த அவரும் குலுங்கினார். அவர் நாலு வார்த்தை திட்டியிருந்தால் எங்களுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். திட்டவில்லை. அந்த வெற்று நிலத்தை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை பார்த்தார்.

“சரி, எங்கயாவது போடுங்க. இதுக்குள்ளதானே இருக்கா. நான் போய்த் தேடிக்கிறேன்.”

பிறகு, கால் வலிக்கிறது, வீட்டுக்குப் போகலாம் என்றார்.