காரச் சூப்பும் ஒரு 'நீ'யும்

கிஸெல்லாவுக்கு அறுபத்தெட்டு வயது. அதில் முப்பத்து மூன்று வருடங்களை ஒரே ஒரு சொல்லுக்காகக் காத்திருந்தே கழித்திருந்தாள். பெரிய சொல் ஒன்றுமில்லை. 'நீ' என்ற சொல்.

அவளுடைய ஊரான கலோச்சாவில் பெற்ற தாயை 'நீ' என்பார்கள், கடவுளை 'நீ' என்பார்கள், பக்கத்து வீட்டு நாயையும் 'நீ' என்றுதான் திட்டுவார்கள். 'நீங்க' என்பது டாக்டருக்கும் தபால்காரருக்கும். கணவன் லோரின்ஸின் மகள் எமோகே ஒன்பது வயதில் தாயைப் பறிகொடுத்தவள். மறு வருடம் மாற்றாந்தாயாக வந்த கிஸெல்லாவை முதல் நாளே தபால்காரர் வரிசையில் நிறுத்திவிட்டாள். "கிஸி அத்தை, நீங்க சாப்பிட்டீங்களா?" தெருவில் போகிற எந்தக் கிழவியையும் கூப்பிடுகிற அதே 'அத்தை'. நல்ல மரியாதைதான். அந்த மரியாதையை வைத்துக்கொண்டு நாக்கு வழிக்கவா என்று கிஸெல்லா மனதுக்குள் பொருமுவாள், வாய் திறந்து சொல்ல மாட்டாள்.

'நீ'க்கு அந்த ஊரில் ஒரு முறை உண்டு. வயதில் பெரியவர்தான் அதைக் கொடுக்க வேண்டும். ஆளுக்கொரு சின்னக் கிளாஸில் பிராந்தி ஊற்றி, கைகோத்துக் குடித்து, அவரவர் பெயரைச் சொல்லி, கன்னத்தில் முத்தமிட்டு, இனி நமக்குள் 'நீ'தான் என்று சொல்லிவிட்டால் ஆயிற்று. சின்னவர் அதைக் கேட்கக்கூடாது, கேட்டால் திமிர். இது கிஸெல்லாவுக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் அது வெளியாருக்கான சட்டம், தாய்க்கும் மகளுக்கும் நடுவில் சட்டம் எதற்கு என்று நினைத்தாள். நான் போய்க் கொடுத்தால் செத்தவளின் இடத்தைத் தட்டிப் பறித்தது போலாகும், தானாக வரட்டும். அப்படி நினைத்தே வருடங்களைக் கடத்தினாள்.

இந்த வசந்தத்தில் லோரின்ஸ் போய்ச் சேர்ந்தான். நவம்பரில் எமோகேயிடமிருந்து போன் வந்தது. கணவனோடு நார்வேக்குக் குடிபோகிறாள் என்பது முன்பே தெரிந்த சேதிதான்.

"சனிக்கிழமை வரேன் கிஸி அத்தை. மதியம் மட்டும்தான், மூணு மணி பஸ்சப் புடிக்கணும். அந்தக் காரமான உருளைக்கிழங்கு சூப் வைப்பீங்களா?"

போனை வைத்ததும் கிஸெல்லாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அந்தக் காரச் சூப் என்றால் வில்மாவின் சூப், செத்துப்போன முதல் மனைவியின் சூப். கல்யாணமாகி வந்த வாரம் லோரின்ஸ் சொல்லியிருந்தான், குழந்தைக்குக் காரமென்றால் உயிர் என்று. சரக்கறையில் குண்டு மிளகாய்ச் சரம் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. போதாதா? இரண்டையும் கூட்டி, வில்மா காரமாகத்தான் வைத்திருப்பாள் என்று கணக்குப் போட்டுக்கொண்டாள். அன்று முதல் வில்மாவைப் போல வைக்க வேண்டும் என்று சட்டியோடு மல்லுக்கட்டினாள், தன் வயிறு எரிந்தாலும் விடாமல் வைத்தாள். இந்த ஒரு தடவை அச்சு அசலாக வந்துவிட்டால் அந்தச் சொல்லும் வந்துவிடும், அன்றைக்கு வராவிட்டால் என்றைக்கும் இல்லை.

சனிக்கிழமை பதினோரு மணிக்கு இரும்புச் சட்டியில் பன்றிக்கொழுப்பை உருக்கி வெங்காயத்தைப் போட்டாள். அது பொன்னிறமாவதற்குள் நான்கு தடவை ஜன்னலுக்குப் போய் எட்டிப் பார்த்தாள். ஐந்தாவது தடவை பார்த்துக்கொண்டே வந்து, சட்டியை அடுப்பிலிருந்து இறக்காமல் மிளகாய்த்தூளைக் கொட்டிவிட்டாள். கலோச்சாவில் தொட்டில் பிள்ளைகூடச் செய்யாத தப்பு. அந்தத் தூளில் சர்க்கரை இருக்கிறது, தீயின் மேல் பட்டால் கண்ணிமைப்பதற்குள் கறுத்துக் கசந்துபோகும். ஒரு சொட்டு நக்கிப் பார்த்தாள். வேப்பங்காய்.

அந்த நேரம் பார்த்துத்தான் கதவு திறந்தது.

"என்ன அத்தை, கருகிடுச்சா? தெரு முனையிலயே மூக்கைத் துளைக்குது."

"ஊரே மிளகாய் விக்கிற ஊர்ல மிளகாயைக் கருக்கினவ நான் ஒருத்திதான்டி."

"நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். தெரிஞ்சா உங்கள ஊரை விட்டே தள்ளி வச்சுடுவாங்க." எமோகே கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டாள். நாற்பத்து மூன்று வயது, காதோரம் நரை. "நகருங்க. நீங்க கிழங்கை உரிங்க, நான் சட்டியைக் கழுவறேன்."

இரண்டு பேருமாக மறுபடி ஆரம்பித்தார்கள். இந்த முறை எமோகே சட்டியைத் தூக்கி ஜன்னல் திட்டில் வைத்துவிட்டுத்தான் தூளைப் போட்டாள். இரண்டு கிளறு கிளறி உடனே தண்ணீர் ஊற்ற, செக்கச் சிவந்த எண்ணெய் மேலே மிதந்தது. கிழங்குத் துண்டுகள், பிரிஞ்சி இலை, கூடவே கிள்ளிப் போட்ட குண்டு மிளகாய் ஒன்று.

"இன்னும் ஒண்ணு போடேன்," என்றாள் கிஸெல்லா. "உங்க அம்மா ரெண்டு போடுவாளாக்கும்."

எமோகே கரண்டியோடு திரும்பினாள். "எங்க அம்மாவா? அம்மா இதுல மிளகாயே போட மாட்டா. அவளுக்கு வயித்துப் புண்ணு. வெள்ளையா, கஞ்சி மாதிரி வைப்பா. எனக்குப் புடிக்கவே புடிக்காது."

"அப்போ அந்தச் சரம்?"

"அது அப்பாவோடது. அவர் பச்சையாவே கடிப்பாரு. இது உங்க சூப் அத்தை. நீங்க வந்தப்புறம்தான் எனக்குச் சூப்புன்னா என்னன்னே தெரிஞ்சுது."

கிஸெல்லா கிழங்கு உரித்த கத்தியைக் கையில் பிடித்தபடியே நின்றாள். அம்மாவைப் பற்றிப் பேசும்போது இவள் வாயில் எவ்வளவு சுலபமாக 'போட மாட்டா', 'வைப்பா' என்று வருகிறது. என்னை மட்டும் ஏன் வாசலிலேயே நிறுத்தி வைத்திருக்கிறாள்? சந்தோஷப்பட வேண்டிய இடத்தில் அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"அவ்வளவு புடிச்சிருந்தா, முப்பது வருஷமா என்னை ஏன்டி பஸ் கண்டக்டர் மாதிரி 'நீங்க நீங்க'ன்னே கூப்பிடற?"

எமோகே அடுப்பைக் குறைத்தாள்.

"நீங்கதானே குடுக்கணும்? அப்பா அப்படித்தான் சொன்னாரு. பெரியவங்க, அவங்களா சொல்ற வரைக்கும் வாயைத் திறக்காதேன்னு. நானும் ஒவ்வொரு பொறந்த நாளுக்கும் காத்துட்டிருந்தேன். பதினெட்டாவது பொறந்த நாளுக்கு நானே கிளாஸை எடுத்துட்டு வந்தேன். ஞாபகம் இருக்கா?"

"என்ன கிளாசு?"

"ரெண்டு கிளாசு. ப்ளம் பிராந்தி. இதோ இந்த இடத்துலதான் நின்னேன். நீங்க மாவு பிசைஞ்சிட்டிருந்தீங்க. சின்னவ நான் வாயால கேக்கக்கூடாது. கிளாஸோட வந்து நின்னா உங்களுக்குப் புரியும்னு நெனச்சேன்."

கிஸெல்லாவுக்கு ஞாபகம் வந்தது. வந்திருக்க வேண்டாம் என்றிருந்தது. கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு அவள்தான் சொன்னாள், 'அப்பாவுக்குப் பல் வலி, ஒண்ணு பத்தாதுன்னு ரெண்டா ஊத்தினியா, கெட்டிக்காரி' என்று. சொல்லிவிட்டு இரண்டு கிளாஸையும் வாங்கிக்கொண்டு போய், கொல்லையில் வேலி கட்டிக்கொண்டிருந்த லோரின்ஸிடம் நீட்டினாள். அவன் ஏன் எதற்கு என்று கேட்காமல் இரண்டையும் ஒரே மூச்சில் இறக்கினான்.

"எனக்கு நிஜமாவே புரியலடி," என்றாள்.

"நான் என்ன நெனச்சேன் தெரியுமா? வேண்டாம்னு மூஞ்சிக்கு நேரா சொல்லாம நாசூக்கா சொல்றீங்கன்னு நெனச்சேன். ராத்திரி படுத்து அழுதேன். அப்புறம் விட்டுட்டேன்."

கிஸெல்லா நாற்காலியில் உட்கார்ந்தாள். பெண் வாசல் வரை வந்து கதவைத் தட்டியிருக்கிறாள். நான் தட்டின கையில் இருந்ததைப் பிடுங்கிக்கொண்டு போய்ப் புருஷனுக்குக் குடிக்கக் கொடுத்திருக்கிறேன். அவளுக்குத் தன் மேலேயே ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இனிமேல் வருந்தி என்ன, கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். ஆனாலும் எழுந்தாள். அலமாரியைத் திறந்து பாட்டிலை எடுத்து இரண்டு கிளாஸில் ஊற்றினாள். அவசரத்தில் மேஜையிலும் கொஞ்சம் சிந்தினாள்.

"வா. கையைக் கோத்துக்க."

கைகோத்துக் குடித்தார்கள். "கிஸெல்லா," என்றாள் இவள். "எமோகே," என்றாள் அவள். இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டுக்கொண்டார்கள். பிராந்தி தொண்டையில் இறங்கி இரண்டு பேருக்கும் கண்ணீர் வந்தது. பிராந்தியால்தான் என்று இரண்டு பேரும் விட்டுவிட்டார்கள்.

கிழங்கு வெந்திருந்தது. புளிப்புப் பாலேட்டில் ஒரு கரண்டி மாவைக் குழைத்து, கொதிக்கிற சூப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக அதில் விட்டுச் சூடேற்றி, அப்புறம்தான் கிஸெல்லா சட்டியில் ஊற்றினாள். அவசரப்பட்டு அப்படியே கொட்டினால் திரிந்துவிடும். சூப் திரியாமல் இளஞ்சிவப்பாகக் கெட்டிப்பட்டது. ஒரு வாய் குடித்ததும் எமோகேக்கு மூக்கு ஒழுகியது.

"இதான். இதேதான். கிஸி, நீ..." என்று ஆரம்பித்தாள். முகம் சிவந்துவிட்டது. "நீ... இன்னும் கொஞ்சம் போட்டுக்கோ... போட்டுக்கோங்க."

இரண்டு பேரும் சிரித்தார்கள்.

"பரவால்லடி. நாக்கு பழகணும்ல."

"பழகிடும்." இன்னொரு தடவை முயன்றாள். "ரொட்டி வேணுமா உன... உங்களுக்கு? சே."

மூன்றாவது தடவை அவள் முயலவில்லை. கிஸெல்லா அதைக் கவனித்தாள். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்பார்கள், இந்தப் பெண் பத்திலேயே வளையத் தயாராக இருந்தாள். ஒரு விரல் தொட்டிருந்தால் வளைந்திருப்பாள். இப்போது அந்தச் சொல் அவள் வாயில் புதுச் செருப்பைப் போலக் கடிக்கிறது. பழக வேண்டுமானால் வாரம் தவறாமல் இந்த மேஜையில் உட்கார்ந்து ஒரு வருடமாவது பேச வேண்டும். மூன்று மணிக்குப் பஸ்.

பஸ் நிறுத்தத்தில் காற்று முகத்தில் அறைந்தது. கிஸெல்லா கம்பளிச் சால்வையோடு கூடவே நடந்து வந்திருந்தாள். மீதிச் சூப்பை ஒரு பாட்டிலில் ஊற்றிக் கொடுத்திருந்தாள். எமோகே அதைக் கைப்பையில் நிமிர்த்தி வைத்துக்கொண்டு அவளை இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

"கோடையில வருவேன்."

"வா."

பஸ் தெரு முனை திரும்பி வருவது தெரிந்தது. எமோகே அவளுடைய சால்வையை இழுத்துக் கழுத்தை மூடினாள்.

"குளுருது, வீட்டுக்குப் போங்க கிஸி அத்தை," என்றாள். சொன்ன பிறகுதான் சொன்னது அவளுக்கே காதில் விழுந்தது. திருத்த வாயைத் திறந்தாள், அதற்குள் பஸ் வந்து நின்று கதவு திறந்துவிட்டது. பின்னால் நின்றவர்கள் நெருக்கினார்கள்.

"சரிடி, போறேன். நீ ஏறு," என்றாள் கிஸெல்லா.

அவளுக்கு 'நீ' சொல்வதில் ஒரு சிரமமும் இல்லை. முப்பத்து மூன்று வருடமாக அவள் அதைச் சொல்லிக்கொண்டேதான் இருந்தாள். எமோகேயும் அதைத் திருப்பிச் சொல்லலாம் என்று ஒரு வார்த்தை மட்டும் இத்தனை வருடமும் சொல்லாமலே இருந்துவிட்டாள்.